சுவர் கத்தாது

டிராயிங்காரர் தம் வாழ்நாளில் ஒரு கோடு நேராகப் போட்டவர் அல்ல. ஸ்கேல் வைத்துப் போட்டாலும் அவர் போடும் கோடு கொஞ்ச தூரம் போய், எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பிப் பார்க்கும். ஆனாலும் அந்தப் பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. கட்டடங்களுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்கிற கான்ட்ராக்டர் அவர். யார் என்ன குறை சொன்னாலும் ஒரே பதில்தான்: "டிராயிங்ல அப்படித்தான் இருக்கு." சுவிட்ச் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதா, டிராயிங்ல அப்படித்தான் இருக்கு. மின்விசிறி அலமாரியின் தலையைச் சீவுகிறதா, டிராயிங்ல அப்படித்தான் இருக்கு. இந்த வயதிலும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்ட ஒரு தூரத்து உறவினரிடமும் அவர் அதையே சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அவர் மறுக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த டிராயிங்குகளில் பாதியைப் போட்டது அவருடைய சொந்த அண்ணி.

அண்ணி மின் வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். எந்தக் கம்பி எந்தச் சுவருக்குள் போக வேண்டும், எந்த அறைக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் படம் வரைவது அவர் வேலை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு சுவரை உடைப்பது கொழுந்தனார் வேலை. சைட்டில் தகராறு வந்தால் இவர் கம்பெனி சார்பில் அந்த அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார். அந்த அலுவலகம் சார்பில் அண்ணி பதில் எழுதுவார்: "படத்தில் உள்ளபடி சைட்டில் செய்யப்படவில்லை." இரண்டு கடிதங்களும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஊரைச் சுற்றிவிட்டு, அதே வீட்டுக்கு வந்து சேரும். இரவுச் சாப்பாட்டில் இருவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்கள். நடுவில் அண்ணன். அவர் கணக்கு வாத்தியார். வகுப்பில் கூட அவ்வளவு அமைதியைப் பார்த்ததில்லை என்பார்.

"ஒரே வீட்டுல உக்காந்துக்கிட்டு ரெண்டு தபால் ஆபீஸ் நடத்துறீங்களே, ஒண்ணை மூடினா என்ன?" என்று ஒருநாள் அவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அண்ணி தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். கொழுந்தனாரும் தூக்கினார். அடுத்த மாதம் அண்ணி வேலையை விட்டார். வாசலில் ஒரே போர்டு ஏறியது. அதன் அடியில், "படமும் நாங்களே, வேலையும் நாங்களே" என்று ஒரு வரி. அந்த வரி தம் யோசனை என்று டிராயிங்காரர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும் என்று அண்ணன் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை.

முதல் வேலை, ஒரு எலும்பு முறிவு டாக்டரம்மா கட்டுகிற சிறிய ஆஸ்பத்திரி. டாக்டரம்மா அதிகம் பேசாதவர். போர்டில் இருந்த வரியைப் படித்துவிட்டு அவர் கேட்ட கேள்வி அண்ணியையே அசைத்துவிட்டது. படம் போட்டவர் வேறு, வேலை செய்தவர் வேறு என்றால் ஒருவர் தப்பை மற்றவர் காட்டிக்கொடுப்பார். இரண்டும் ஒரே வீடு என்றால் எனக்கு யார் சொல்வது?

டிராயிங்காரருக்கு நாக்கு எப்போதும் கையைவிட ஒரு படி முன்னால் நிற்கும். "நீங்களே எக்ஸ்ரே பாத்து, நீங்களே கட்டுப் போடுறீங்களே டாக்டரம்மா. அதுக்கு ரெண்டு டாக்டரா வெக்கிறீங்க?"

"நான் தப்பாக் கட்டினா நோயாளி கத்துவான்," என்றார் டாக்டரம்மா. "சுவர் கத்துமா?"

"சுவருக்குப் பதிலா நான் கத்துறேன்."

டாக்டரம்மா அவரை ஒரு நிமிடம் பார்த்தார், எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்று தேடுகிறவர் போல. பிறகு வேலையைக் கொடுத்தார்.

வேலை நன்றாகத்தான் போனது. சந்தேகம் வந்தால் கடிதம் இல்லை, காத்திருப்பு இல்லை. சாப்பாட்டு மேசையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அண்ணனுக்கு நடுவில் உட்கார்ந்தே கரண்ட் பாஷை பாதி பழகிவிட்டது. ஆனால் கடிதத்தில் ஒரு சௌகரியம் இருந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். எழுதியதை யாராவது ஒருவர் இரண்டாம் தடவை படித்தே ஆக வேண்டும். பேச்சுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

ஓர் இரவு அண்ணி சொன்னார்: "தம்பி, டாக்டரம்மா எக்ஸ்ரே ரூமை முன்னாடியிலேர்ந்து பின்னாடிக்கு மாத்துறாங்க. மெயின் பேனல்லேர்ந்து கேபிள் போற அந்தத் தடி பைப்பும் பின்னாடி போகணும்." டிராயிங்காரர் வாய் நிறையச் சாப்பாடு. தலையாட்டினார். தலையாட்டிவிட்டார், நாளைக்கே ஆட்களிடம் சொல்லிவிடுவார் என்று அண்ணி நினைத்தார். அண்ணியே சொல்லிவிட்டார், புதுப் படத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார் என்று கொழுந்தனார் நினைத்தார். அப்போது அண்ணன் தண்ணீர் கேட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு டம்ளர் நீட்டினார்கள். அன்றைக்கு அந்த மேசையில் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது அந்தத் தண்ணீர் மட்டும்தான்.

தரை கான்கிரீட் போட்டாகிவிட்டது. மேலே பளபளவென்று கல்லும் பதித்தாகிவிட்டது. கேபிள் இழுக்கப் போனபோதுதான் மீசை வந்து கூப்பிட்டார். மீசை என்பவர் தலைமை வயர்மேன். மீசையை எடுத்து வருஷக்கணக்காகிறது. பெயரை எடுக்க முடியவில்லை.

"அண்ணே, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க."

முன் அறையின் நடுவில், வரவேற்பு மேசைக்குப் பின்னால் நாற்காலி போட வேண்டிய இடத்தில், தடி பைப்பின் வாய் மழைக்கு முளைத்த காளான் மாதிரி நின்றது. பின்னால் எக்ஸ்ரே அறையில் தேடினார்கள். அங்கே தரை துடைத்து வைத்த தட்டுப் போல இருந்தது.

"இது வழியா கேபிளை இழுத்தா, வரவேற்புல உக்கார்ற பொண்ணுக்குத்தான் தினம் எக்ஸ்ரே எடுக்கணும்," என்றார் மீசை. பிறகு பழக்கத்தில், "டிராயிங்ல எப்படிண்ணே இருக்கு?"

டிராயிங்காரர் படத்தை விரித்தார். எக்ஸ்ரே என்ற எழுத்து மட்டும் பின் அறைக்குக் குடிபோயிருந்தது. பைப் பழைய வீட்டிலேயே இருந்தது. இத்தனை வருஷமாக அவர் காத்திருந்த தருணம் இது. அண்ணி போட்ட படத்தில், கறுப்பு வெள்ளையாக, அண்ணியின் தப்பு. வாயைத் திறந்தார். யாரிடம் சொல்வது? கடிதம் எழுதினால் அது தம் வாசலிலேயே வந்து விழும். வாயை மூடிக்கொண்டார்.

மூடிய வாய்க்குள் வேறு வேலை ஆரம்பித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதுதான் கஷ்டம். ஒரு பைப்பைக் கான்கிரீட்டில் மறைப்பது கைவந்த கலை. பின் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கரண்ட் போர்டு இருந்தது. அதிலிருந்தே எக்ஸ்ரேக்கு லைன் கொடுத்துவிடலாம் என்றார் மீசை. ஒவ்வொரு தடவை படம் எடுக்கும்போதும் சுற்றியுள்ள விளக்கெல்லாம் ஒருமுறை கண்ணைச் சிமிட்டும், அவ்வளவுதானே? வேறொரு வழியும் டிராயிங்காரருக்குத் தோன்றியது. எக்ஸ்ரே முன்னாலேயே இருப்பதுதான் நல்லது என்று டாக்டரம்மாவை நம்பவைக்கலாம். காற்றோட்டம், வெளிச்சம், வாஸ்து, எதையாவது சொல்லலாம். கதவுக்குப் பின்னால் போன சுவிட்சை, குழந்தைகள் கை படாத சுவிட்ச் என்று பாராட்டு வாங்கி விற்றவர் அவர். தப்பை வாங்குகிறவன் நன்றி சொல்லிவிட்டுப் போவான். அப்படி ஒரு நாக்கு.

அண்ணி வந்தார். படத்தைப் பார்த்தார். பைப்பைப் பார்த்தார். பின்வாசலுக்குப் போய் நின்றார். டிராயிங்காரரும் பின்னாலேயே போனார். வெளியே சரிவுப் பாதைக்குச் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். கால் முறிந்தவர்களை வண்டியிலிருந்து இறக்கி அந்தச் சரிவு வழியாகத்தான் உருட்டி வருவார்கள். வாசலை ஒட்டியே எக்ஸ்ரே இருந்தால் ஒரு திருப்பத்தோடு முடியும். முன்னால் இருந்தால் கட்டடம் முழுக்கத் திருப்பம். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முறிந்த எலும்பு ஒருமுறை உரசும். டாக்டரம்மா அறையை ஏன் மாற்றினார் என்று அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது. அத்தனை வியாபாரப் பேச்சும் வாய்க்குள்ளேயே கசந்தது.

"பைப்பை நான் மாத்தலை தம்பி," என்றார் அண்ணி.

"நான் தலையாட்டினேன்ல அண்ணி."

"வாய்ல சாப்பாடு வெச்சுக்கிட்டு ஆட்டுற தலையை நம்பினது என் தப்பு." சொல்லிவிட்டு அண்ணி கொஞ்சம் தயங்கினார். முதல் வேலை. இது போனால் வாசல் போர்டையும் கழற்ற வேண்டியதுதான் என்பது இருவருக்குமே தெரியும். "யார் போய்ச் சொல்றது?"

"கத்துறேன்னு வாக்குக் குடுத்தது நான்தானே."

டாக்டரம்மா தம் பழைய கிளினிக்கில் ஒருவருடைய கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முழங்கை வரை வெள்ளை. டிராயிங்காரர் வாசலிலேயே நின்றார். "டாக்டரம்மா, கத்த வந்திருக்கேன்."

கையை நீட்டியிருந்த நோயாளி பயந்து திரும்பினார். டாக்டரம்மா திரும்பவில்லை. சொல்லுங்க என்றார். டிராயிங்காரர் சொன்னார். பைப் எங்கே இருக்கிறது, எங்கே இருக்க வேண்டும், இப்போது தரையை உடைத்தால் என்ன ஆகும், எல்லாவற்றையும் சொன்னார். விளக்குச் சிமிட்டுகிற குறுக்குவழியையும் சொன்னார், அதைச் செய்ய நினைத்ததையும் சேர்த்து. டாக்டரம்மா கட்டைத் தடவி வழவழப்பாக்கிக்கொண்டே கேட்டார்: "யார் தப்பு?"

"டிராயிங்ல..." என்று நாக்கு தானாகவே ஓடியது. பல வருஷப் பழக்கம், நாயைப் போல வாசலுக்கு ஓடும். அவர் அதைப் பிடித்து இழுத்தார். "டிராயிங்லயும் தப்பு, வேலையிலயும் தப்பு. ரெண்டும் நாங்கதான்."

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தலை குனியும் என்று எதிர்பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. தப்பை ஒப்புக்கொண்டு இவ்வளவு திமிராக ஒருவன் நிற்கலாமா என்று கூச்சமாகவும் இருந்தது.

"ஒடைஞ்சதை எப்படிச் சேக்கப் போறீங்க?"

நடையின் மேலே, கூரைக்கு அடியில் இரும்புத் தட்டு மாட்டி அதன் வழியாகக் கேபிளைக் கொண்டுபோவது என்று அண்ணியும் அவரும் சைட்டிலேயே முடிவு செய்திருந்தார்கள். செலவு அவர்களுடையது. நடையின் கூரைப்பலகை மட்டும் ஒரு சாண் கீழே இறங்கும்.

"தலை இடிக்குமா?"

"உங்களுக்கு இடிக்காது டாக்டரம்மா. மத்தவங்க படுத்துக்கிட்டுத்தானே வருவாங்க."

மாவுக்கட்டுக்காரர் சிரித்து, கையை ஆட்டி, திட்டு வாங்கினார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சரி, ஒழுங்காச் சேரணும்," என்றார். அதை நோயாளியிடம் சொன்னாரா தம்மிடம் சொன்னாரா என்று வெளியே வந்தபிறகுதான் டிராயிங்காரர் யோசித்தார்.

மறுநாள் காலை அண்ணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்ணனின் பள்ளிக்கூடத்துச் சாக்பீஸோடு ஏணியில் ஏறினார். பழைய காலமாக இருந்தால் ஒரு கேள்வி கடிதமாகப் போய்ப் பதிலாக வருவதற்குள் சுவருக்கு வெள்ளையடித்து முடித்திருப்பார்கள். இப்போது அண்ணி சுவரிலேயே கோடு போட்டார். அங்கே உத்தரம் குறுக்கே வருது அண்ணி என்றார் டிராயிங்காரர். அண்ணி உள்ளங்கையால் அழித்துவிட்டு இரண்டு விரல் கீழே போட்டார். அந்த இடத்தில் கேபிள் அவ்வளவு வளையாது என்றார் கொழுந்தனார். அண்ணி மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு, மூலையை அகலமாக்கினார். சாக்பீஸ் கோட்டின் தூள் உதிர்வதற்குள் பின்னாலேயே மீசையின் டிரில் வந்தது. படமும் வேலையும் ஒரே ஏணியில், ஒன்றன் காலை ஒன்று மிதித்துக்கொண்டு ஏறிப் போயின. கடைசிப் பக்கத்துக்குத் தம் கை எட்டாதபோது, நீங்க போடுங்க தம்பி என்று சாக்பீஸை அவரிடம் நீட்டினார் அண்ணி. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டார்.

அண்ணி கீழிருந்து பார்த்தார். "என்ன தம்பி, ஓடுற ஆத்தை வரைஞ்சிருக்கீங்க?"

"டிராயிங்ல அப்படித்தான் இருக்கு," என்றார் அவர். மீசை டிரில்லை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

எக்ஸ்ரே மெஷினைச் சோதித்துப் பார்க்கும் நாள். மெஷின்காரர் படம் எடுப்பதற்கு ஏதாவது இரும்புச் சாமான் கேட்டார். டிராயிங்காரர் இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரைக் கொடுத்தார். அண்ணி கைப்பையிலிருந்து தம் இரும்பு ஸ்கேலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். எல்லாரையும் நடைக்கு அனுப்பிக் கதவை மூடினார்கள்.

உள்ளே மெஷின் முனகியது. டிராயிங்காரர் கதவைப் பார்க்கவில்லை. தலைக்கு மேலே நடை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் பீப் என்றது. விளக்கு அசையவில்லை. இன்னொரு தடவை. கண் இமைக்கிற அளவுக்குக்கூட இல்லை. தலையை இறக்கிப் பார்த்தால், அண்ணியும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். மீசையும். இவர்களுக்குப் பின்னால், எப்போது வந்தார் என்றே தெரியாமல், டாக்டரம்மாவும் கழுத்தை நிமிர்த்தி அதே விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஃபிலிம் வந்தது. பழக்கத்தில் டாக்டரம்மா அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறுப்பில் வெள்ளையாகப் பிளேயரும், அதன் குறுக்கே ஸ்கேலும்.

"முறிவு இல்ல," என்றார். ஃபிலிமை அண்ணியிடம் கொடுத்தார். போகிறபோக்கில், தம் நண்பர் ஒருவர் பெரிய பள்ளிக்கூடம் கட்டுவதாகவும், கத்துகிற கான்ட்ராக்டரை அவருக்குச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். அண்ணி தரையைப் பார்த்துச் சிரித்தார். டிராயிங்காரர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

இப்போது அந்த ஃபிலிம் வீட்டில் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. காலை வெயில் வந்தால் பிளேயரும் ஸ்கேலும் சாப்பாட்டு மேசைக்கு மேலே தெரியும். அதற்குப் பக்கத்துச் சுவரில் அண்ணன் பள்ளியிலிருந்து கேட்டு வாங்கிவந்த ஒரு பழைய கரும்பலகை. புதுச் சட்டம்: சாப்பிடும்போது யார் என்ன சொன்னாலும் அதில் எழுத வேண்டும், கேட்டவர் எழுந்து போய்ப் படித்துவிட்டு டிக் போட வேண்டும். தலையாட்டுவது செல்லாது.

ஓர் இரவு பள்ளிக்கூட வேலையைப் பற்றிப் பேச்சு சூடாகப் போய்க்கொண்டிருந்தபோது அண்ணன் தண்ணீர் கேட்டார். அண்ணி திரும்பாமலே கரும்பலகையைக் கைகாட்டினார். அண்ணன் பெருமூச்சு விட்டு எழுந்துபோய், நல்ல வாத்தியார் கையெழுத்தில், "தண்ணீர்" என்று எழுதினார். திரும்பி வந்து உட்கார்வதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு டம்ளர் வந்து நின்றன.