நாற்காலி போட்டவர்

எங்கள் ஊரில் அலைகூட அனுமதி கேட்டுத்தான் கரையேறும். அப்படி நாகரிகம் பார்க்கிற ஊரில், வில்ஃப் கார்சைட் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, நாலு மூலையும் முடிச்சுப் போட்ட கைக்குட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "ஹிலரி! வாடி, பல்லு தந்தியடிக்குது!" என்று தண்ணீரில் நின்று கத்தினார். நான் என் தேநீர்க் கடைக்குள்ளிருந்து சிரித்தேன்.

வடக்கே துணி ஆலையில் சாயம் முக்குகிற மனிதர். மனைவி போனபின் தனியாளாக வளர்த்த ஒரே மகள் ஹிலரி. அன்று மாலை அவர் அவளுடைய வருங்கால மாமியாரை முதன்முதலாகச் சந்திப்பதாக ஏற்பாடு.

திருமதி தோர்ன்லி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். வெள்ளைக் கையுறை, விறைத்த முதுகு. என் கடைக்கு எதிரே நடைபாதையில் ஹிலரி அவரை வரவேற்றுக்கொண்டிருக்கும்போதே, வில்ஃப் சொட்டச் சொட்ட மேலேறி வந்தார்.

"யாரும்மா அது? உன்னைப் பாத்து சிரிச்சுக்கிட்டே வராரு?"

ஹிலரியின் முகம் வெளுத்தது. "நாற்காலி வாடகைக்கு விடறவருங்க."

பெற்றவரை எதிரே வைத்துக்கொண்டே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள். எனக்கே உடம்பு கூசியது.

வில்ஃபின் காதில் விழுந்துவிட்டது. நேரே என் கடைக்கு வந்து, அடுக்கி வைத்திருந்த மடக்கு நாற்காலிகளில் இரண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "கொஞ்சம் பேசாம இரும்மா" என்றார்.

"உக்காருங்க மேடம். காத்து மூஞ்சில அடிக்காத மாதிரி போட்டிருக்கேன்."

"நல்ல மனுஷர்" என்று உட்கார்ந்தார் திருமதி தோர்ன்லி. "சரி, அப்பா எங்க? அவரைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்."

"உடம்பு சரியில்லைங்க. ஊர்லயே தங்கிட்டாரு" என்றாள் ஹிலரி.

"அடடா! பரவாயில்ல. கல்யாணத்தன்னிக்கு உன் கையைப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டு வரப்போறது அவர்தானே? அப்ப பாத்துக்கறேன்."

ஹிலரி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் கழுத்துவரை சிவந்து போயிருந்தது. சொல்லிவிட வாயெடுத்தாள். வில்ஃப் வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தார். அவள் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் என்னிடம் திரும்பி வந்தபோது என்னால் தலைநிமிர முடியவில்லை. சற்றுமுன் சிரித்தவளாயிற்றே நானும். ஒரு கோப்பைத் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினேன். அதை அவர் தொடவில்லை.

"ஏம்மா, சர்ச்சுல கடைசி பெஞ்சுல யாரு வந்து உக்காந்தாலும், நீ யாருன்னு கேக்க மாட்டாங்கதானே?"