பதினாலாம் படம்

பஸ் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போதுதான் என் பைக்குள் இருப்பது துறைமுகப் பக்கத்து வரைபடம் என்பது எனக்கு உறைத்தது. அதுவரைக்கும் அது எனக்கு வெறும் பதினாலாம் படம். வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் கம்பனி, துறைமுகத்தை ஒட்டிய ஒரு பண்டகசாலைக்குச் சரக்குக் கணக்குப் பார்க்கும் மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. அதன் மெனுவலைப் பழைய கோப்பு வடிவத்திலிருந்து எக்ஸ்எம்எல் என்ற புதிய வடிவத்துக்கு மாற்றுவது என் வேலை. பழையதில் இது தடித்த எழுத்து, இது சாய்ந்த எழுத்து என்று தோற்றத்தைக் குறித்தால் போதும். புதியது அப்படி விடாது. இது எச்சரிக்கை, இது செய்முறை, இது படம் என்று ஒவ்வொன்றும் என்னவென்று சொல்லியாகவேண்டும். படமென்றால் அதில் என்ன இருக்கிறதென்று எழுத்திலும் எழுதவேண்டும். எழுதாவிட்டால் கோப்பு சிவப்புக் கோடு காட்டிக்கொண்டு நின்றுவிடும்.

“கண்ணு தெரியாத ஆளுக்கு வாசிச்சுக் காட்டினாலும் வெளங்கணும், பேர்ணடெற். வெள்ளிக்கு முந்தி முடிச்சிருங்க,” என்று என் மேலதிகாரி பௌஸி சேர் சொல்லியிருந்தார். மெனுவலில் மற்றதெல்லாம் கணினித் திரையின் படங்கள். பொத்தான் இங்கே, பெட்டி அங்கே என்று எழுதித் தள்ளிவிட்டேன். பதினாலு மட்டும் பண்டகசாலையின் உள்ளமைப்பு. வாசல், எடை மேடை, அடுக்குகள், கோடியில் சுங்கம் விடுவிக்கும்வரை சாமான்களைத் தடுத்து வைக்கும் அறை. எல்லாம் பெயரில்லாமல் வெறும் இலக்கங்கள். எங்கிருந்து தொடங்கினாலும் வசனம் சிக்கிக்கொண்டது. வீட்டில் ஆறுதலாக இருந்து எழுதலாமென்று அச்செடுத்து, நாலாய் மடித்து, சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். புத்திகெட்ட வேலை. யுத்தம் நடக்கிற இரண்டாயிரத்து எட்டில், சோதனைச் சாவடிகளைத் தாண்டிக் கொட்டாஞ்சேனைக்குப் போகிற ஒரு தமிழ்ப் பெண் செய்கிற வேலையா இது.

என்னைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு கவலையில்லை. வீட்டில் என் தம்பி நிக்கலஸ் இருந்தான். சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டுபோனவனைப் போன மாதம்தான் விட்டிருந்தார்கள். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அவன் பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். அக்காவின் பையில் இப்படியொரு வரைபடம் அகப்பட்டால் என்னிடம் கேள்வி கேட்பார்கள், அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். திரும்பி வந்ததிலிருந்து அவன் அறைக்குள் படுப்பதில்லை. எங்கள் வீட்டு அறைகளுக்கு யன்னல் கிடையாது. வரிசை வீடுகள், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வாசற்கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, அந்த இடுக்கில் தலையை வைத்துப் படுக்கிறான். தடுப்புக்குள் என்ன நடந்ததென்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

தாளைக் கிழித்து வெளியே போடலாமென்றால் பக்கத்து ஸீற்றுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸீற்றுக்கடியில் விட்டால் தாளின் கீழ் மூலையில் கம்பனிப் பெயர் இருக்கிறது. இறங்கிவிடலாமென்று எழும்பினேன். கொழும்பின் காலி வீதியில் பையைத் துழாவிக்கொண்டு நிற்கிற பெண்ணை யார் சும்மா விடுவார்கள் என்று திரும்ப இருந்தேன். பக்கத்து ஸீற்றுக்காரர் எரிச்சலோடு கால்களை மடக்கினார். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தேன். நேர்ந்து முடிவதற்குள் பஸ் நின்றது. கொள்ளுப்பிட்டி செக்பொயின்ற். எல்லாரும் இறங்கவேண்டும்.

பெண்கள் வரிசையில் பை பார்த்த பொலிஸ்காரி சின்னப் பெட்டை. சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கி, தாளை எடுத்து விரித்தாள். கம்பனிப் பெயரை அவளுடைய பெருவிரல் மறைத்திருந்தது.

“மொகக்த மே?” என்றாள். இது என்னவாம்.

“கெதர ப்ளான் எக, மிஸ்,” என்றது என் வாய். வீட்டுப் பிளானாம். அந்தப் பொய் எங்கிருந்து வந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவள் முகம் இளகிவிட்டது. குருநாகல் பக்கம் தானும் ஒரு வீடு கட்டுவதாகவும், அது அத்திவாரத்தோடு நிற்பதாகவும் சிங்களத்தில் சொன்னாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. குசினி எது என்று கேட்டாள். எடை மேடையைக் காட்டினேன். சாமான் அறை எது என்றாள். அடுக்குகளைக் காட்டினேன். அதில் மட்டும் நான் பொய் சொல்லவில்லை. பிறகு கோடியில் இருந்த அறையில் விரலை வைத்தாள்.

“இது யாருக்கு, அக்கே?”

“மல்லிக்கு,” என்றேன். தம்பிக்கு. வேறு யாரைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

“ஜனேலயக் நேனே,” என்றாள். யன்னலே இல்லையாம். வரைந்தவனுக்கு மூளையில்லை, இதற்குள் ஒரு மனிதன் எப்படி மூச்சு விடுவான் என்று கடிந்துகொண்டாள். சட்டைப் பையிலிருந்து நீலப் பேனையை எடுத்து, என் பையின் மேலேயே தாளை வைத்து, வெளிச்சுவரில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு கீறினாள். நாலாய் மடித்துத் திரும்பச் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே வைத்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினாள்.

திரும்ப பஸ்ஸில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள்மேல் நன்றி வந்தது. நன்றி வந்ததை நினைக்க ஆத்திரமும் வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குசினிக்குப் போய், தாளை எரிக்க அடுப்பைப் பற்றவைத்தேன். நிக்கலஸ் பின்னாலேயே வந்து அதை என் கையிலிருந்து வாங்கி விரித்தான்.

“என்னக்கா இது?”

சொன்னேன். படம், பஸ், பொலிஸ்காரி, பொய், எல்லாவற்றையும். திட்டுவானென்று நினைத்தேன். அவன் அந்தக் கோடியறையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்ப இது என்ட அறை?”

“ஓம். யன்னல் அவள்தான் வைச்சவள். தா, எரிப்பம்.”

அவன் தரவில்லை. நீலச் சதுரத்தின்மேல் விரலை வைத்தான்.

“இதால பாத்தா என்னக்கா தெரியும்?”

அந்தச் சுவருக்கு வெளியே பதினாலாம் படத்தில் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளைத் தாள்தான். அவன் காத்துக்கொண்டு நின்றான்.

“முதல்ல ஒரு மதில்,” என்றேன். “உயரமில்ல. மதிலுக்கு அங்கால ரோட்டு. ரோட்டுக்கு அங்கால...”

நிக்கலஸ் கண்ணை மூடிக்கொண்டான். தாள் அவன் கையில் இருந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.