மாடி ஏறி வந்த வக்கீல்

குழாய்க்காரர் பத்திரத்தின் ஒன்பதாம் தாளை உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மீதித் தாள்களை உறைக்குள் திணித்தார். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்தான், ஆனால் எண்ணத் தெரியாதவர் இல்லை. நாற்பது வருஷம் குழாய் மாட்டிய மனுஷன், தண்ணீர் விட்டுப் பார்க்காமல் எந்த இணைப்பின் மேலும் சிமெண்ட் பூச விட்டதில்லை. வக்கீலை மட்டும் சும்மா நம்பிவிடுவாரா?

வீட்டை விற்றே ஆக வேண்டும். கீழே பட்டறை, மேலே குடித்தனம், நடுவில் செங்குத்தாக இருபத்தொரு படி. மனைவிக்கு முழங்கால் இரண்டும் போய், அவள் படி இறங்கி எட்டு மாதம் ஆகிறது. மூன்று தெரு தள்ளி ஒரு தரைத்தள வீட்டைப் பேசி வைத்திருக்கிறார். இது போனால்தான் அது வரும்.

வாங்க ஆள் கொண்டுவந்த புரோக்கர், வக்கீலையும் தானே கொண்டுவரப் பார்த்தான்.

"வாங்குறவரோட வக்கீலே ரெண்டு பக்கத்துக்கும் பாத்துடுவாருண்ணே. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"பாலுக்குக் காவல் பூனையா? என் பக்கத்துக்கு நானே ஆள் பிடிச்சுக்கறேன்."

"பார்ட்டி மனசு மாறிட்டா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

"வக்கீலைக் கண்டு ஓடறவன் வீடு வாங்க வந்தவன் இல்லைடா, சுருட்ட வந்தவன்."

முதல் வக்கீல் போனில் யாரையோ திட்டிக்கொண்டே தாள்களைப் புரட்டினார். "பத்திரம் கண்ணாடி மாதிரி இருக்கு பெரியவரே" என்றார். இரண்டாமவர் அதைத் தொடக்கூட இல்லை. அவருடைய குமாஸ்தா மோந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு, "வில்லங்கமே இல்லை, தைரியமா வித்துடுங்க" என்றார். இரண்டு இடத்திலும் குழாய்க்காரர் பெரிய கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

மூன்றாவது ஒரு பெண். ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஒரே அறை, ஒரு இரும்பு பீரோ, மூலையில் சொட்டுகிற குழாய். வரி வரியாகப் பென்சிலை ஓட்டிப் படித்தார். டீ ஆறி ஆடை கட்டியது. பென்சில் நின்றது.

"எட்டுக்கு அப்புறம் பத்து வருது. ஒன்பது எங்கே?"

"வீட்டுல கிடக்கும்."

"போய் எடுத்துட்டு வாங்க. அது வர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

குழாய்க்காரர் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். "தண்ணி விட்டுப் பாத்தேம்மா. இங்க ஒழுகலை. முன்னாடி ரெண்டு இடத்துலயும் வெள்ளமே போச்சு."

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "சரி, இப்ப என் முறை. வீடு யார் பேர்ல இருக்கு?"

"என் வீடுதான்."

"அதைக் கேக்கலை. பத்திரத்துல யார் பேரு?"

அவர் நாற்காலியில் நெளிந்தார். "அப்ப ஒரு காண்ட்ராக்டரோட எனக்கு வழக்கு. என் பேர்ல இருந்தா பிடுங்கிடுவான்னு அவ பேர்ல எழுதினேன். சும்மா ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்கெல்லாம் பத்திரம் கிடையாது. என் கட்சிக்காரர் அவங்க, நீங்க இல்லை. கூட்டிட்டு வாங்க."

"அவளால படி இறங்க முடியாது."

"என்னால ஏற முடியும்."

மறுநாள் காலை, சொன்னபடியே மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்க உட்கார்ந்ததும் முதல் பேச்சே, "ஐயா, நீங்க கொஞ்சம் கீழ போயிருங்க."

"ஏன்? நாப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணவன், எனக்குத் தெரியாத ரகசியமா?"

"எதிராளி வக்கீலை நீங்க எப்படி நம்பலையோ, அப்படி நான் உங்களை நம்பலை. அவங்க யாருக்கும் பயந்து கையெழுத்துப் போடக்கூடாது."

"போங்களேன்" என்றாள் மனைவி. "பட்டறையில உங்களுக்கு வேலையா இல்லை?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டோமே என்று முனகியபடி அவர் கடைசிப் படியில் போய் உட்கார்ந்தார். அவள் மாட்டேன் என்றுவிட்டால்? விற்கலாமா என்று அவளைக் கேட்டோமா, விற்கிறேன் என்று சொன்னோமா? சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

புரோக்கர் ஒப்பந்தத்தோடு வந்து நின்றான். "அண்ணே, இன்னைக்குக் கையெழுத்து ஆகலைன்னா பார்ட்டி போயிடும்."

"என்கிட்ட ஏன்டா சொல்றே? மேல சொல்லு."

இரண்டு பேரும் ஏறினார்கள். வக்கீலம்மா ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தார். "கையெழுத்தாகி ஏழாம் நாள் காலி பண்ணணும்னு போட்டிருக்கு. புது வீட்டுல தரை வேலை முடிய ரெண்டு மாசமாம். நடுவுல இவங்களை எங்கே வைப்பீங்க?"

"நிதானமா போகலாம்னு இவன்தான் சொன்னான்."

"வாயால சொன்னதை எழுத்துல காட்டச் சொல்லுங்க. ரெண்டரை மாசம்னு திருத்தட்டும். இன்னொரு விஷயம் அவங்களே சொல்வாங்க."

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "விக்கறதுல எனக்குச் சம்மதம். ஆனா போற வீட்டை நான் பாக்கணும்."

"நான்தான் பாத்தேனே! தண்ணி அழுத்தம் பிரமாதம், சாக்கடை வாட்டம் பிசகாம இருக்கு..."

"படுக்கையில இருந்து பாத்தா என்ன தெரியும்?"

குழாய்க்காரர் யோசித்தார். அந்த வீட்டில் ஜன்னல் இருந்ததா என்பதே நினைவில்லை.

"பாக்காம கையெழுத்து கிடையாது" என்றாள்.

"எப்படிடி இறங்குவே?"

"அது உங்க பாடு. மாடியில குடிவச்சது நீங்கதானே?"

குழாய்க்காரர் தடதடவென்று படி இறங்கினார். பட்டறைக்குப் போய், கைப்பிடி வைத்த இரும்பு நாற்காலியோடு வந்தார். உட்காரும் பலகைக்கு அடியில் இரண்டு குழாய்களைக் கொடுத்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்.

"நீ முதல்ல உக்காரு" என்றார் புரோக்கரிடம்.

"நானாண்ணே?"

"உன் கனம் தாங்கினா அவ கனம் தாங்கும்."

தாங்கியது. முன்பக்கம் குழாய்க்காரர், பின்பக்கம் புரோக்கர், நடுவில் அவள். அசையாமல் உட்கார்ந்துகொண்டு அதட்டலெல்லாம் அவள்தான். "இடது பக்கம் தூக்கு. அவசரப்படாதே தம்பி, உனக்குக் கல்யாண ஊர்வலமா?"

பன்னிரண்டாம் படியில் புரோக்கர் நின்றுவிட்டான். "நழுவுதுண்ணே."

"அது நழுவினா உன் கமிஷனும் நழுவும்."

தெருவில் இறக்கியதும் அவள் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு, வக்கீலம்மாவோடு மூன்று தெருவையும் ஆட்டோவில் கடந்தார்கள்.

புது வீட்டில் நாற்காலியை அறை அறையாக வைக்கச் சொன்னாள். படுக்கையறை ஜன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுச் சுவர். முன்னறை ஜன்னலுக்கு வெளியே பேருந்து நிறுத்தம், ஒரு தையல்கடை, யாரோ இரண்டு பேர் சண்டை.

"கட்டில் இங்கேதான்."

"முன்னறையிலயா? வர்றவன் போறவனெல்லாம் உன்னைப் பாப்பான்."

"பாக்கட்டுமே. நானும் பாக்கறேன்." அவள் வக்கீலம்மா பக்கம் கையை நீட்டினாள். "பேனா குடுங்கம்மா."

"இன்னைக்கு இல்லை. தேதி திருத்தி வரட்டும்."

புரோக்கர் நெற்றி வேர்வையைத் துடைத்தபடி வெளியே ஓடினான். ஜன்னலும் கதவும் போகக் கட்டிலுக்குச் சுவர் போதுமா என்று குழாய்க்காரர் முன்னறையை அளக்கத் தொடங்கினார்.