வேணும்னே

என் வீட்டுக்காரர் முன்னறையில் இங்கிலீஷ் பேச்சு வகுப்பு நடத்துகிறார். ஒரு வெள்ளைப் பலகை, எட்டு நாற்காலி, அளவுக்கு மீறிய தொண்டை. யாராவது 'ஐ வான்ட் வாட்டர்' என்றால் போச்சு. "வான்ட்னு கேக்கறவன் முரடன். வுட் லைக்னு கேக்கறவன்தான் ஜென்டில்மேன்" என்று பிடித்துக்கொள்வார். அந்த ஜென்டில்மேன் குளியலறையிலிருந்து "துண்டு!" என்று கத்துவதோடு சரி. என்னிடம் பேசும்போது வினைச்சொல்லே கிடையாது.

போன வாரம் பக்கத்து ஊர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த அதே வேலை. சந்தோஷத்தில் சொன்னதும் ஐயா கேட்ட ஒரே கேள்வி, "அப்போ சமையல்?" மறுநாள் என்னவோ பாகாய் உருகி உதவிக்கு வந்தார்.

திங்கட்கிழமை சேர முடியுமா என்று மெயிலில் கேட்டிருந்தார்கள். 'ஐ வான்ட் டு ஜாயின்' என்று எழுதினேன். எட்டிப் பார்த்து உச்சுக் கொட்டினார்.

"இதைப் பாத்தா சிரிப்பாங்க. குடு இங்க."

'ஐ விஷ் ஐ குட் ஜாயின்' என்று மாற்றி அவரே அனுப்பினார். விஷ் என்றால் இன்னும் மரியாதையாம். நானும் மண்டையை ஆட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதில் வந்தது. என்னால் சேர முடியாததற்கு வருந்துகிறார்களாம், வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். போன் போட்டுக் கெஞ்சியும் பார்த்தேன், போனது போனதுதான். "அவங்களுக்கு இங்கிலீஷே தெரியல" என்று அவர் கைகழுவிவிட்டார்.

இன்று சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து அந்தத் தொண்டை கேட்டது.

"நடக்கக்கூடியதுக்கு ஹோப். நடக்காததுக்கு விஷ். ஐ விஷ் ஐ குட் கம்னா என்ன அர்த்தம்?"

"வர ஆசைதான், ஆனா வர முடியாது சார்" என்றார் டாக்ஸி ஓட்டும் அண்ணன்.

"கரெக்ட்! இத்தனை வருஷமா இதைத்தானே கத்திக்கிட்டிருக்கேன்."

கையிலிருந்த துணியை அப்படியே போட்டேன். நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஏங்க, வேணும்னேதான் அப்படி எழுதினீங்களா?"

எட்டுத் தலைகள் திரும்பின. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூட நம்பித் தொலைத்திருப்பேன். அதற்கும் துப்பில்லை.

"கிளாஸ்ல தமிழ் பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார்.

நான் டாக்ஸி அண்ணனிடம் திரும்பினேன்.

"அண்ணே, வண்டி வெளியிலதானே நிக்குது? எங்க அக்கா வீட்டுக்குப் போகணும்."

அவர் வாத்தியாரைப் பார்க்கவேயில்லை. சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.