காலிக் கட்டம்

என் நாத்தனார், அதாவது வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், ஆறாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்கூடத்தில் மட்டும் டீச்சராக இருந்தால் தேவலை, வீட்டுக்கு வந்தாலும் டீச்சர்தான். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தையல் வலியோடு நான் வந்து நிற்கிறேன், படுக்கையறைக் கதவில் ஒரு சார்ட் பேப்பர் ஒட்டியிருக்கிறது. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து இரண்டு பத்தி: பால், ஈரம். நாளுக்குப் பத்துப் பத்துக் கட்டம். ஓரத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பேனா. நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேன் என்று பயம் போலிருக்கிறது.

"பாலுக்கு நீ டிக் போடு. டயப்பர் மாத்துறது நான், அதனால ஈரத்துக்கு நான் போட்டுக்கிறேன். ஒரு கட்டம் காலியா இருக்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் அண்ணி.

அன்று சாயங்காலமே ஒரு கட்டம் காலி. பையன் தூங்கிக்கொண்டே இருந்தான். மடியில் போட்டு எழுப்பினேன். வாயை வைத்தான், இரண்டு இழுப்பு இழுத்தான், மறுபடியும் தூங்கிப் போனான். இதைக் குடித்ததாகக் கணக்கில் எழுத மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். அவ்வளவுதான், வீடு ரெண்டுபட்டது. அண்ணி போனை எடுத்து என் வீட்டுக்காரர் பக்கத்துச் சித்தி, பெரியம்மா, அத்தை என்று ஒருவர் பாக்கியில்லாமல் கூப்பிட்டு, "பால் பத்தலையாம், பாவம்" என்று ஒலிபரப்பினார். ஆளுக்கொரு வைத்தியம். ஒரு அத்தை ஸ்பீக்கரில், "அவ உடம்பு வாகே அப்படித்தான், பாத்தாலே தெரியுதே" என்றார். அந்த அத்தை என்னைக் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி.

அதற்கப்புறம் நான் ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை. குடித்தாலும் டிக், குடிக்காவிட்டாலும் டிக். மறுநாள் காலையில் அண்ணி வந்து பார்த்துவிட்டு, சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். எனக்கு முப்பத்தொரு வயது. அந்த நட்சத்திரத்தைப் பார்த்து நிம்மதிப்பட்டேன் என்பதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாவது மாடி. காற்றுப் பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று ஜன்னல் சாத்தியே கிடக்கும். கண் கெட்டுவிடும் என்று என் போனை ஹாலில் வைத்துவிட்டார்கள். தையல் பிரிந்துவிடும் என்று படி இறங்கக் கூடாது. எல்லாம் என் நல்லதுக்குத்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. அதுதான் கொடுமை. திட்டினால் திருப்பித் திட்டலாம், தாங்கு தாங்கென்று தாங்குகிறவரை என்ன செய்வது? கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் செருப்புச் சத்தம் கேட்டால் என் கை தானாகப் பேனாவுக்குப் போகும்.

ஆறாம் நாள் குழந்தை டாக்டரிடம் முதல் தடவை காட்டப் போனோம். முதல் நாள் மத்தியானத்திலிருந்து பையனின் அழுகையே மாறியிருந்தது, சத்தம் தேய்ந்துபோய் முனகலாக வந்தது. கன்னம் மஞ்சளித்திருந்தது. அண்ணி, "நிறம் ஏறுது பாரு" என்றார்.

டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது அண்ணி டோக்கன் வாங்கப் போனார். மூன்று நாளில் என் வீட்டுக்காரரோடு தனியாகக் கிடைத்த முதல் இரண்டு நிமிஷம்.

"என்னங்க, புள்ள சரியா குடிக்கல. எனக்கு பயமா இருக்கு."

"சார்ட்ல எல்லாம் டிக் இருக்கே?"

"அது... சும்மா போட்டது."

அவர் என்னைப் பார்த்தார், டோக்கன் வரிசையில் நின்ற அக்காவைப் பார்த்தார், கடைசியில் சுவரில் இருந்த யானைப் படத்தைப் பார்த்தார். "அக்காகிட்ட சொல்லிடேன்" என்றார். நல்ல மனுஷன். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாது.

உள்ளே போனதும் நர்ஸ் பையனின் சட்டையையும் டயப்பரையும் கழற்றித் தராசில் போட்டாள். எண்ணைப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி போட்டாள். டாக்டர் எழுந்து வந்து அவரும் பார்த்தார்.

"பிறந்தப்ப மூணு கிலோ நூறு. இப்ப ரெண்டு கிலோ அறுநூத்தி எண்பது. இவ்வளவு இறங்கக் கூடாதேம்மா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குடிக்கிறான்?"

நான் வாயைத் திறப்பதற்குள், "பத்து டாக்டர். முதல் நாள் ஒண்ணு விட்டதோட சரி, அப்புறம் ஒரு வேளைகூட தவறல" என்று அண்ணி சார்ட்டைச் சுருள் பிரித்து மேஜையில் விரித்தார். அதைக் கதவிலிருந்து பிய்த்துக் கொண்டுவந்திருக்கிறார்! நட்சத்திரங்கள் எல்லாம் தெரிந்தன. டாக்டர் விரல் வைத்து வரிசை வரிசையாகப் பார்த்தார். அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"இவ்வளவு குடிச்சும் எடை இறங்குதுன்னா வேற ஏதோ கோளாறு. இதயமா, கிருமியான்னு பாத்தாகணும். இப்பவே உள்ள சேத்துடுங்க. ரத்தம் எடுப்போம், முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டி வரலாம். அம்மா வெளியில இருங்க."

நர்ஸ் என் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கினாள். ரெண்டு விரல் அகலத்தில் ஒரு முதுகு, அதில் ஊசி.

"டாக்டர், அந்த டிக் பொய்" என்றேன். "நான்தான் போட்டேன். அவன் குடிக்கவே இல்ல. நேத்து மொத்தமே நாலு தடவைதான் வாய் வச்சான், அதுவும் ரெண்டு நிமிஷம்."

"என்னம்மா உளர்றே?" அண்ணி என் தோளைப் பிடித்தார். "தூக்கமே இல்ல டாக்டர் அவளுக்கு, என்ன பேசுறோம்னு தெரியல. நான் பக்கத்துலயேதானே இருக்கேன்."

டாக்டர் என்னைப் பரிவோடுதான் பார்த்தார். அந்தப் பரிவைக் கண்டதும் இன்னும் பயந்துபோனேன். "பயப்படாதீங்க. ஊசின்னதும் எல்லா அம்மாவும் எதையாவது சொல்லித் தடுக்கத்தான் பாப்பாங்க. ஈரம் பாருங்க, ஒரு நாளைக்கு ஒம்பது, பத்துன்னு இருக்கு. குடிக்காத குழந்தை இவ்வளவு ஒண்ணுக்குப் போகாது."

அந்தப் பத்தி என்னுடையது அல்ல. அது அண்ணியின் கையெழுத்து, அச்சடித்த மாதிரி டிக். மூன்று நாளில் முதல் தடவையாக எல்லோர் முன்னாலும் நான் உண்மையைச் சொல்கிறேன், அது எடுபடவில்லை. நர்ஸ் கதவுவரை போய்விட்டாள்.

"அண்ணி" என்றேன். "டயப்பர் மாத்துனது நீங்க. நிஜமாவே பத்தா?"

"சார்ட்ல இருக்குல்ல."

"சார்ட்டைக் கேக்கல, உங்களைக் கேக்கறேன். முதுகுல ஊசி போடப் போறாங்க அண்ணி. எத்தனை?"

அண்ணி டாக்டரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். இவர் இந்தத் தடவை யானையைப் பார்க்கவில்லை. "அக்கா, சொல்லுக்கா" என்றார்.

"மூணு" என்றார் அண்ணி. "நேத்து ரெண்டு. அதுவும் லேசா. அவ பால் பத்தி எல்லாம் ஒழுங்கா போட்டிருந்தா, என் பத்தி மட்டும் காலியா இருந்துச்சு. நான்தான் சரியா பாக்கலையோன்னு... நிரப்பிட்டேன்."

டாக்டர் நர்ஸைத் திரும்பக் கூப்பிட்டார். எங்களைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம். சார்ட்டைச் சுருட்டி மேஜைக்குக் கீழே போட்டுவிட்டு, "பசி, மஞ்சள் காமாலை, ரெண்டும் சேர்ந்திருக்கு. தூங்குறான்னு நீங்க நினைச்சீங்க, தெம்பில்லாம கிடந்திருக்கான். குதிகால்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, மஞ்சள் இறங்க விளக்கு வெளிச்சத்துல வைப்போம். முதுகு ஊசி இப்ப வேண்டாம். முதல்ல பாலைக் கொடுங்க" என்றார்.

பக்கத்து அறையில் நர்ஸ் எனக்குப் பாலைப் பீய்ச்சக் காட்டிக் கொடுத்தாள். பத்தே நிமிஷத்தில் கிண்ணத்தில் கால்வாசி நிரம்பியது. பால் இல்லாதவள் என்று ஊருக்கெல்லாம் சொன்னார்களே, அந்தப் பால். பையனுக்கு இழுத்துக் குடிக்கத்தான் சீவன் இல்லை. ஸ்பூனால் ஊற்ற ஊற்ற விழுங்கினான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அண்ணி, அறை மூலையிலிருந்து.

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

எனக்கு அவரைக் கடித்துக் குதற வேண்டும்போல் இருந்தது. குதறினால் பாதி என்னையே குதற வேண்டும். ஒரே கதவின் முன்னால் மாறி மாறி நின்று, பிள்ளை காய்வது தெரிந்தே இரண்டு பேரும் டிக் போட்டிருக்கிறோம்.

பாதிக் கிண்ணத்தில் பையனுக்குக் கண் செருகியது. "உள்ளங்கால்ல சுண்டுங்க, தூங்க விடாதீங்க" என்றாள் நர்ஸ். சுண்டினேன். அசையவில்லை. மறுபடி சுண்டினேன், வலிக்குமே என்று விரல் பட்டதோடு சரி. அண்ணி எழுந்து வந்து தரையில் மண்டியிட்டு, அவனது இன்னொரு காலைப் பிடித்துப் பலமாக ஒரு சுண்டு சுண்டினார்.

வீல் என்று கத்தினான். அறை முழுக்கக் கேட்டது.

"அழுடா" என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல். "எங்களை நம்பாத. நீயே கத்திச் சொல்லு."

நான் அடுத்த ஸ்பூனை அவன் வாயில் ஊற்றினேன்.