லேஸும் முகமும்

எடுத்த படத்தைப் பார்க்கட்டும் என்று படமெடுக்க வந்த நெல்சி கேமராவை மாப்பிள்ளையின் அம்மா, ஊரே மரியாதையாகத் தோன்யா என்று கூப்பிடும் எர்சிலியாவின் பக்கம் திருப்பினாள். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

"என் லேஸ் எங்கடி?" மாமியார்க்காரி போட்ட கூச்சலில் ஆற்றங்கரைப் படகுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "கண்ணு பூத்துப்போற அளவுக்குப் பின்னினேன். சுண்ணாம்பு அடிச்ச மாதிரி மொழுக்குன்னு இருக்கு!"

கிப்தோ என்ற அந்த ஆற்றங்கரை ஊரில் அந்தக் குடும்பத்துக் கல்யாணப் படங்கள் எல்லாமே உச்சி வெயிலில், தேவாலயத்தின் வெள்ளைச் சுவர் முன்னால் எடுத்தவைதான். நிழலுக்கு வாருங்கள் என்று நெல்சி கெஞ்சியும் கிழவி அசையவில்லை. வெள்ளைச் சுவர், வெள்ளை கவுன். எதைக் காட்டினாலும் சராசரி பார்த்துச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் கேமராவுக்குத் தெரியும். இத்தனை வெள்ளையைக் கண்டால் மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். லேஸ் பூப்பூவாக விழும். மணப்பெண் தார்லேனிஸின் கறுத்த முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இருட்டுத்தான் விழும். அதனால் நெல்சி கேமராவின் கணக்கைத் தள்ளிவிட்டு, பெண்ணின் கன்னத்துக்கு மட்டும் ஒளியை அளந்து எடுத்திருந்தாள்.

"கேமரா சொல்ற மாதிரியே எடு. மூஞ்சிய எங்க அக்கா பையன் கம்ப்யூட்டர்ல வெளுத்துக் குடுப்பான்," என்றாள் எர்சிலியா.

தார்லேனிஸ் பூச்செண்டைத் தரையில் வைத்தாள்.

"வெளுக்கறதா? அத்தை, உங்க பையன் இந்த மூஞ்சியப் பாத்துத்தான் கட்டிக்கிட்டான், கவுன இல்ல. லேஸ் போனாப் போகட்டும். நீ எடு நெல்சி."

கிழவியைப் பகைத்துக்கொண்டால் இந்த ஊரில் அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் வைத்த அளவை நெல்சி மாற்றவில்லை.

"மாத்த மாட்டேன் தோன்யா. நீங்களும் பக்கத்துல நில்லுங்க. முறைச்சுக்கிட்டே நின்னாலும் சரி."

படத்துக்கு நில் என்றால் மறுக்கத் தெரியாத மனுஷி எர்சிலியா. முறைத்துக்கொண்டேதான் நின்றாள். எடுத்ததும் கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். கவுன் இருந்த இடம் வெறும் வெள்ளை. அதற்கு மேலே மருமகள் சிரித்தாள். பக்கத்தில் நெற்றிச் சுருக்கமும் கன்னத்து மேடும் மேலுதட்டு மச்சமுமாக ஒரு கறுத்த கிழவி கோபத்தோடு நின்றாள். தன் கல்யாணப் படத்தில்கூட எர்சிலியா முகமே தெரியாமல், இருட்டுக்குள் பல்லும் கவுனுமாகத்தான் இருந்தாள்.

"போச்சு, என் லேஸெல்லாம் போச்சு," என்று முணுமுணுத்தாள். நெல்சி கை நீட்டியும் கேமராவைத் தரவில்லை. வெயில் படாமல் திரையைத் தோளில் கிடந்த துணியால் மறைத்துக்கொண்டு, இன்னும் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.