சித்தப்பாவுக்கு முடி முளைத்த லேப்டாப்

ஒன்பதாம் வகுப்புக்கு வருகிறவர்கள் மடக்கித் திருப்பினால் சிலேட்டு மாதிரி ஆகிற, பேனாவால் எழுதக்கூடிய லேப்டாப் கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அம்மா நாலு பேரிடம் விசாரித்து, நடுத்தர விலையில் ஒன்றை மனசுக்குள் முடிவே செய்துவிட்டாள். மகளைத் தவிர யாரிடமும் வாய்விட்டுச் சொல்லத்தான் வழியில்லை. வெளியூர் வேலையிலிருந்த அப்பா, வாங்கும் பொறுப்பைத் தன் தம்பியிடம் விட்டிருந்தார். சித்தப்பாவோ அடுத்தவர் சொன்ன பொருளை வாங்க மாட்டார். தானே கண்டுபிடித்ததைத்தான் வாங்குவார்.

கடைக்குள் நுழைந்ததுமே அவர் கண்டுபிடித்துவிட்டார். கண்ணாடி மேடையில் தனியாக வைத்திருந்த, இருப்பதிலேயே விலை கூடிய ஒன்றை.

"அண்ணி, இதுதான். காலேஜ் முடிக்கிற வரைக்கும் கவலையே இல்ல."

"அவ தண்ணி பாட்டிலையே மாசத்துக்கு ஒண்ணு தொலைக்கிறா தம்பி," என்றாள் அம்மா.

"பொருள்னு வந்துட்டா விலை பார்க்கக் கூடாது அண்ணி."

அம்மா மகளைப் பார்த்தாள். வாலு என்று வீட்டில் எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு அந்தப் பார்வை போதும். கையில் எது கிடைத்தாலும் படம் வரைகிறவள். போன வருடம் கணக்கு டீச்சரை வரைந்து மாட்டிக்கொண்டவள்.

"சித்தப்பா, எனக்குப் பேனாதான் முக்கியம். உங்களை வரைஞ்சு பார்க்கவா?"

சித்தப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, மோவாயைத் தூக்கி நின்றார்.

விற்பனைப் பெண் முதலில் மலிவானதைக் கொடுத்தாள். அதில் வாலு குறும்பு எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பேனா ஒரு பக்கம் போக, கோடு யோசித்து யோசித்துப் பின்னால் வந்தது. உள்ளங்கை பட்ட இடமெல்லாம் கிறுக்கல். படத்தில் சித்தப்பாவின் காது தோளில் உட்கார்ந்திருந்தது.

"இது ஆகாது," என்றார் சித்தப்பா.

அடுத்து விலை கூடியது. பேனா வெண்ணெயில் போவது மாதிரி போனது. வாலு கண்ணில் பட்டதையெல்லாம் வரைந்தாள். வழுக்கை, அதில் விழுந்த டியூப்லைட் வெளிச்சம், இரண்டாவது மோவாய், கண்ணுக்குக் கீழே தொங்கிய பை, மூக்கு ஓரத்து மரு. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

சித்தப்பா குனிந்து பார்த்தார். கை தானாக வழுக்கையைத் தடவியது.

"ரொம்பத் துல்லியம் சார் இது," என்றாள் விற்பனைப் பெண்.

"பார்த்தாலே தெரியுது," என்றார் அவர்.

மூன்றாவது, அம்மா நினைத்து வைத்திருந்தது. வாலு திரையைப் பின்னால் மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பேனா சொன்னபடி கேட்டது. நெற்றி நிறைய முடி வைத்தாள், காதோரம் லேசாக மட்டும் நரை. மோவாய் ஒன்றே ஒன்று. மரு இருந்த இடத்தில் ஒரு புன்னகை மடிப்பு.

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இதுல கலரெல்லாம் சரியா வருது, கவனிச்சீங்களா அண்ணி?"

"எனக்கென்ன தெரியும் தம்பி, நீங்க சொன்னா சரி."

"கையில தூக்கிப் பாருங்க, இலேசா இருக்கு. சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்மா?"

"பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வர்ற வரைக்கும் நிக்கும் சார்," என்ற விற்பனைப் பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"அப்போ அந்த விலை கூடினது?" என்று அம்மா ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"சின்னப் பிள்ளைக்கு எதுக்கு அண்ணி அவ்வளவு துல்லியம்? கண்ணு கெட்டுப்போகும்."

பணம் கட்டிவிட்டு வந்தவர், அந்தப் படத்தை மட்டும் தன் போனுக்கு அனுப்பச் சொன்னார். வீடு போய்ச் சேரும் முன்னே அது அவருடைய முகப்புப் படமாகிவிட்டது.

சாயங்காலம் சித்தி போன் செய்தாள். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, என் வீட்டுக்காரர் போன்ல யாரோ ஒரு ஆம்பளை படம் வச்சிருக்கார். யாருன்னு கேட்டா கோபம் வருது."

வாலு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா கடையில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். மறுமுனையில் சித்தி மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"சரி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க அக்கா. வந்ததிலேர்ந்து பாட்டுப் பாடிக்கிட்டே பாத்திரம் கழுவிட்டு இருக்கார். அப்புறம்..." சித்தியின் குரல் தணிந்தது. "ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். என்னையும் அதுலயே வரையச் சொல்லுங்க."